எந்த வருடத்துப் புத்தகம், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அலாஸ்காவில் இருக்கிற டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போக நீ பார்த்துவைத்திருக்கிற மூன்று வழிகாட்டிப் புத்தகங்களின் அட்டைகளையும் பார்த்தேன். "எதை வாங்கலாம், நீதானே லைப்ரரியன்" என்று கேட்டிருந்தாய். பொங்கலுக்குப் பிறகு நீயாக என்னிடம் கேட்ட முதல் விஷயம் இதுதான். அதனால் போனில் பதில் அனுப்பாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைத் திருப்பு. வெறும் மறு அச்சு என்றால் வைத்துவிடு. திருத்திய பதிப்பா, எந்த வருடம் என்று பார். டெனாலிக்கு இது ரொம்ப முக்கியம். அந்தப் பூங்காவுக்குள் போக ஒரே ரோடு, 92 மைல். பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு நகர்ந்து நகர்ந்து ரோட்டையும் இழுத்துக்கொண்டு போனதால், 2021 ஆகஸ்ட்டில் 43-வது மைலோடு அடைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் எழுதிய எந்தப் புத்தகமும் ரோட்டின் கடைசிப் பக்கம் இருக்கிற வொண்டர் லேக் ஏரி வரை பஸ்ஸில் போகலாம் என்றுதான் சொல்லும். 2022 என்று அச்சிட்டிருந்தாலும் நம்பாதே, எழுதியது ஒரு வருடமாவது முந்தி இருக்கும். சரிவுக்கு மேலே பாலம் கட்டுகிறார்கள். இன்றைக்கு பஸ் எதுவரை போகிறது என்பதைப் பூங்கா அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்.

அடுத்து, ஆற்றைக் கடப்பதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார் என்று பார். ஹோட்டலுக்கு நாற்பது பக்கம், ஆற்றுக்கு அரைப் பக்கம் என்றால் அது உனக்கான புத்தகம் இல்லை. அங்கே உள்ளே போய்விட்டால் போட்ட பாதை என்று பெரிதாக எதுவும் கிடையாது, பாலமும் கிடையாது. பனியாறு உருகி வருகிற தண்ணீர் வண்டல் கலந்து கலங்கலாக ஓடும், ஆழம் தெரியாது. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். காலையில் முழங்காலளவு இருந்தது சாயங்காலம் ஆளை இழுக்கும். விடியற்காலையில், ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடுகிற இடத்தில், பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கடக்க வேண்டும். இதைச் சொல்லாதவர் அங்கே நடந்தவராக இருக்க முடியாது.

காலேஜில் படிக்கும்போது உன் அறைச் சுவரில் ஒரு பழைய பஸ்ஸின் படம் ஒட்டியிருந்தாய். கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற பையன் 1992-ல் தங்கி இறந்துபோன பஸ். அது டெனாலிக்குப் பக்கத்தில்தான் நின்றது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். செடிகொடிகளைப் பற்றி ஒரு புத்தகம் அவனிடம் இருந்தது, நல்ல வரைபடம் இல்லை. ஏப்ரலில் நடந்தே கடந்த டெக்லனிக்கா ஆறு ஜூலையில் பெருகி நின்றதும் திரும்பிவிட்டான். ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கும் கூடை ஒன்று கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. வரைபடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இருபத்து நான்கு வயது. எங்கே இருக்கிறான் என்று அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த பஸ்ஸைப் பார்க்கப் போய் ஆட்கள் ஆபத்தில் மாட்டுகிறார்கள் என்று 2020-ல் ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடு.

வரைபடம் தனியாக வாங்கு. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் அரசாங்கமே போட்டிருக்கிறது. போனில் இருக்கிறது என்று சொல்லாதே, பூங்கா வாசலைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. உள்ளே தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பாவும் கட்டாயம். கரடிக்கு 300 கஜம் விலகி நில். போட்டோவுக்காக ஓரடிகூடக் கிட்டே போகாதே.

எந்த வழியாகப் போகிறாய், எந்தத் தேதி திரும்புவாய் என்று எழுதிய தாள் ஒன்று அந்த ஊரில் இருக்கிற யார் கையிலாவது இருக்க வேண்டும். யார் கையில் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. போன வருடம் இரண்டு பேர் படுக்கிற கூடாரம் வாங்கினீர்கள், படம் அனுப்பினீர்கள். இப்போது ஒற்றை ஆள் கூடாரம் எது நல்லது என்று அக்காவிடம் கேட்டாயாம். அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை. உன்னோடு அந்தப் பழைய கூடாரம் வாங்கியவளின் பிறந்தநாளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாள்.

ஆறாம் வகுப்பிலேயே அட்லஸைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய பிள்ளை நீ. எந்த ஊருக்குப் போனாலும் வழி கண்டுபிடித்துவிடுவாய் என்று உன் அப்பா எல்லாரிடமும் சொல்லுவார். ஆனால் மூன்று மாதமாக "நல்லா இருக்கேன்" என்ற ஒரே வரியைத்தான் எங்களுக்கு அனுப்புகிறாய்.

நீ தேர்ந்தெடுக்கிற புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வருடம் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று முடிவாகவில்லை என்றால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், பயணத்தைப் பற்றி மட்டும் பேசினாலும் போதும்.

அன்புடன்,
அம்மா