மலேசியக் கோயில் செய்தி போடும் முன் பட்டாவைப் பாருங்கள்

தமிழ்த் தொலைக்காட்சி, இணையச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் பிரச்சினையானது. அப்போது 'கோயிலை இடித்து மசூதி' என்ற தொனியில் பரவிய நியூஸ் கார்டுகள் கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்தன. பார்த்தவர்கள் மனதில் அது அப்படியே தங்கிவிட்டது.

நம் பக்கம் ரோடு அகலப்படுத்தும்போது புறம்போக்கில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு நோட்டீஸ் வந்தால், ஊர் முதலில் கேட்பது "பட்டா யார் பேர்ல?" என்றுதான். அந்தக் கேள்வியை உங்கள் செய்தி கேட்கவே இல்லை. கோயில் அங்கே ஏறத்தாழ 130 ஆண்டுகளாக இருந்து வந்தது. நிலம் கோயில் பேரில் இல்லை. மாநகராட்சி அதை 2014-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. வாங்கியவர்கள் அங்கே மசூதி கட்ட நினைத்தார்கள். கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்றிடம் பேசி முடிந்தது. கோயில் நிற்பது தெரிந்தே ஏன் விற்றீர்கள் என்று மாநகராட்சியைக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு செய்தி.

மலேசியாவில் இப்படிப்பட்ட பல சிக்கல்களின் வேர் ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. நம்மவர்கள் கோயில் கட்டியது கம்பெனி மண்ணில். தோட்டம் கைமாறி மனைகளானதும் அதே கோயில் 'சட்டவிரோதக் கட்டடம்' ஆகிவிடுகிறது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்டு மாரியம்மன் கோயிலில் கலவரம் வெடித்ததும் இப்படி ஒரு நிலத் தகராறில்தான். அதில் தாக்கப்பட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் பிறகு இறந்தார். அதையும் இரு மதங்களின் சண்டையாகவே பலர் எழுதினார்கள்.

இன்னொரு பிழை, ஒரு மாநிலத்தில் நடப்பதை நாடு முழுக்க நடப்பதாகச் சொல்வது. அங்கே நிலமும் இஸ்லாமியச் சட்டமும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களை மட்டுமே விசாரிக்கும். கிளந்தான் மாநிலம் இயற்றிய ஷரியா குற்றச் சட்டத்தில் 16 பிரிவுகள் செல்லாது என்று 2024 பிப்ரவரியில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொன்னது. வழக்குப் போட்டவர்கள் ஒரு முஸ்லிம் தாயும் மகளும். இதை எத்தனை பேர் தலைப்பில் வைத்தீர்கள்?

எல்லாம் சுகம் என்று எழுதச் சொல்லவில்லை. முஸ்லிம்களிடம் பிற மதப் பிரசாரம் செய்வதைத் தடுக்க மாநிலங்களுக்கு அரசியல் சாசனமே இடம் தருகிறது. பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. தந்தை தன்னிச்சையாகப் பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்து வழக்காடிய இந்துத் தாயின் கைக்கு மகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் வந்து சேரவில்லை. அந்த அநியாயத்தை உரக்க எழுதுங்கள். பத்துமலையில் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூடுவதும், சிலாங்கூர், பினாங்கு, பேராக் மாநிலங்களில் அன்று அரசு விடுமுறை என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் நிலம் யாருடையது, எந்த மாநிலம், எந்த நீதிமன்றம் என்ற மூன்றையும் கோயில் நிர்வாகத்திடமே போனில் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர்கள் தமிழில்தான் பேசுவார்கள். பழைய கார்டுக்குத் திருத்தம் போடும்போது அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி வாசகர்கள் சிலர்