கடைக்குப் போய் என்ன சொல்ல வேண்டும்?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலையில் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் நலம். சென்னை வெயில்தான் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

பேரனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, தாளிக்கும் நேரத்தில் பார்த்தால் வீட்டில் கடுகு இல்லை. போனிலேயே ஆர்டர் போட மகள் போனை எடுத்தாள். "நாலு வீடு தள்ளி அண்ணாச்சி கடை இருக்கே, இவன் போய் வாங்கி வரட்டும்" என்று 20 ரூபாய்த் தாளை அவன் கையில் கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் திரும்பி, "தாத்தா, அங்க போய் என்ன சொல்லணும்?" என்றான்.

பால்கனியில் நின்று பார்த்தேன். கடைக்கு முன்னால் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் தலைக்கு மேலே கையை நீட்டிக் கேட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பணத்தோடு திரும்பி வந்துவிட்டான். "அவங்க என்னை எதுவுமே கேட்கல தாத்தா" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். யோசித்துப் பார்த்தால், அவன் அறிந்த கடை போன் திரையில் இருப்பது. அது தானாக வந்து இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்கும். நாம் வாய் திறந்து கேட்க வேண்டிய கடை ஒன்று உண்டு என்பதே அவனுக்குப் புதுசு.

நாம் இவன் வயசில் எப்படி இருந்தோம்! "நூறு கடுகு, அம்பது சீரகம், கால் கிலோ துவரை" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவோம். பாதி வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் சீரகம் மறந்துபோகும். பொட்டலத்தை நூல் சுற்றிக் கட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்போம். கொசுறாக ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும். அதெல்லாம் கூட இருக்கட்டும். ஒருநாள் என் அம்மா, "புளியில ஒரே கொட்டையா இருக்குன்னு சொல்லி மாத்திட்டு வா" என்று அனுப்பினாளே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் கூட வந்தாய். கடை வாசலில் நின்று யார் சொல்வது என்று நம் இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியில் நான்தான் சொன்னேன். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேறு புளி கட்டிக் கொடுத்தார். ஒரு பெரியவரிடம், மரியாதை குறையாமல், இது சரியில்லை என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிற்பாடு ஆபீஸில் எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தொடக்கம் அந்தப் புளிதான். இப்போது சரக்கு சரியில்லை என்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், பணம் திரும்ப வந்துவிடுகிறது. எதிரே ஒரு முகமே கிடையாது.

மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் மருமகனும் வீடு வந்து சேர எட்டு மணி. தெருவில் வண்டிகள் போகிற வேகத்தில் சின்னப் பிள்ளையைத் தனியாக அனுப்ப யாருக்கும் பயம்தான். அதோடு இவன் நடக்கப் பழகி, ஓடியாடத் தொடங்கியபோது 2020 வந்தது. ஊரடங்கு போட்டு, அந்த மே மாதம் கோயம்பேடு சந்தையையே மூடினார்களே. எல்லாம் வாசலுக்கு வரப் பழகியது அப்போதுதான். நோய் போன பிறகும் பழக்கம் போகவில்லை. இவன் பிறந்தது யுபிஐ வந்த 2016க்கு அடுத்த வருஷம். சில்லறை எண்ணி வாங்குவதை வீட்டில் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு இடம் இருக்கிறது. பாதி ஷட்டர் இறக்கியிருக்கும், வாசலில் இருபது பைக் நிற்கும். உள்ளே அரிசி முதல் ஐஸ்கிரீம் வரை அத்தனையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். டார்க் ஸ்டோர் என்று பெயராம்; போனில் ஆர்டர் போட்டால் சாமான் இங்கிருந்துதான் வரும். "உள்ள போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டான். வாங்குகிறவர்கள் நுழைய முடியாத கடை அது என்று அவனுக்கு எப்படி விளக்குவது? அங்கிருந்து மழையில் நனைந்து வருகிற பையன்களை அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பையை வாங்கிக் கதவைச் சாத்திவிடுவான். இப்போது, "அண்ணா, தண்ணி வேணுமா?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறான்.

அப்புறம், சனிக்கிழமைதோறும் ஒரு சாமானாவது கடையில்தான் வாங்குவது என்று முடிவு செய்தோம். இரண்டாவது வாரம் நான் தள்ளி நின்றுகொண்டேன். மெல்லிய குரலில், "அண்ணாச்சி, நூறு வெந்தயம்" என்றான். மூன்றாவது வாரம் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பாக்கி கொடுக்கும்போது, "சில்லறை இல்ல தம்பி, போன்ல போடச் சொல்லு" என்றார்கள். "என்கிட்ட போன் இல்ல" என்று அங்கேயே நின்றிருக்கிறான். தேடி எடுத்துக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான்.

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் அவனை மதுரைக்கு அழைத்து வருகிறேன். கீழமாசி வீதியில் ஒரு சாயங்காலம் முழுக்க நடக்க வேண்டும். உன் தெருமுனைக் கடை இன்னும் இருக்கிறதா? இருந்தால் உன் பேத்தியையும் இவனையும் சேர்த்துப் பால் வாங்க அனுப்பு. மறந்தால் மறக்கட்டும், நீ பின்னாலேயே போகாதே. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்