அரிப்பெல்லாம் சொறி அல்ல: குதிரை பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குதிரை வளர்ப்பவன். என் பெண் குதிரையின் தோல் நோயைப் பார்த்து, "சொறி, மற்றக் கால்நடைகளுக்கும் தொற்றும்" என்று உங்களில் ஒருவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சொறி இல்லை, தொற்றவும் தொற்றாது என்பது என் வாதம். அந்த மருத்துவரின் பெயரோ, மருத்துவமனையின் பெயரோ இங்கே தேவையில்லை. இதே சீட்டு இன்னும் பல குதிரைக்காரர்கள் கையிலும் இருப்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் குதிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்வாரி இனம். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. வந்த வருஷம் தோலில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகுதான் தேய்க்க ஆரம்பித்தது. தென்னை மரம், கொட்டகைத் தூண், வண்டிச் சக்கரம், எது கிடைத்தாலும் அதில் பிடரியைத் தேய்க்கும். அப்புறம் வாலின் அடி. பிடரி மயிர் ஒடிந்து கட்டையாகி, தோல் தடித்து மடிப்பு விழுந்து, ரத்தம் கசியும் அளவுக்குப் போனது. பொழுது சாயும் நேரத்தில்தான் இது உச்சத்துக்குப் போகும். பங்குனி, சித்திரை வெயிலில் தானாகவே அடங்கி, மயிர் திரும்ப முளைத்துவிடும். மறு ஐப்பசியில் மறுபடியும் அதே கதை.

அதே கொட்டகையில் ஒரு மட்டக்குதிரையும் நிற்கிறது. அது இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தது. இரண்டுக்கும் ஒரே பிரஷ், ஒரே சேணத் துணி. ராத்திரியில் உடம்போடு உடம்பு உரசிக்கொண்டுதான் நிற்கும். அதற்கு இன்றுவரை ஒரு அரிப்பும் கிடையாது. சொறிப்பூச்சி இத்தனை காலம் இதை விட்டுவைக்குமா?

மருத்துவர் சொறி என்று சந்தேகப்பட்டதை நான் தவறு சொல்ல மாட்டேன். சொரோப்டிக் என்ற வகைச் சொறி பிடரியிலும் வால் அடியிலும்தான் வரும். ஆனால் அந்தப் பூச்சி தோலின் மேல்பரப்பில் வாழ்வது. தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். அந்தச் சுரண்டலை அவர் செய்யவே இல்லை. வாலை மட்டும் தேய்க்கும் குதிரை என்றால் கீரிப்பூச்சியாகவும் இருக்கலாம். ஆசனவாய் ஓரத்தில் செலோடேப்பை ஒட்டி எடுத்து, முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதுவும் நடக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்றபடியே சொறிப்பூச்சியையும் குடற்புழுவையும் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்துதான் என்று முடிவானது. திரும்பத் திரும்பக் கொடுத்தும் அரிப்பு குறையவில்லை. ஐவர்மெக்டினுக்கு மசியாத அரிப்பு என்றால், முதலில் சொன்ன நோய் சரிதானா என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாள் நின்ற அரிப்பு மறுபடியும் வந்தது. ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுத்தால் குதிரைக்கு லேமினைட்டிஸ் வரும் ஆபத்து உண்டு. குளம்புக்குள் அழற்சி வந்து, நிற்கவே முடியாமல் போகும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் குதிரைக்கு இருப்பது பூச்சிக்கடி ஒவ்வாமை. கியூலிகாய்டஸ் என்ற 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள கடிக்கும் பூச்சியின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. ஆங்கிலத்தில் ஸ்வீட் இட்ச் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே அரிப்பை 1950-களிலேயே ஆராய்ந்து, இந்தப் பூச்சிக்கடியால் வரும் ஒவ்வாமைதான் என்று காட்டிவிட்டார்கள். ஐஸ்லாந்துக் குதிரைகளின் கதை இன்னும் தெளிவானது. அந்த மண்ணில் இந்தக் கடி படாமலே வளர்ந்த குதிரைகளை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனால், ஓரிரு வருஷத்தில் அவற்றில் பலவற்றுக்கு இந்த நோய் வருகிறது. அதே இனத்தில் அந்த நாடுகளிலேயே பிறந்த குட்டிகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. வறண்ட ராஜஸ்தான் பக்கத்து இனத்தைக் காவிரிப் பாசன வயல் நடுவே கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் மட்டக்குதிரை இங்கேயே பிறந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வேறு எந்த நோயையும்விட இதுதான் பொருந்துகிறது.

இந்தப் பூச்சி உங்களுக்குப் புதிதும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நம் ஊர் செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இதே கியூலிகாய்டஸ்தான். ஆட்டுக்கு என்றால் மழைக்காலம், சேறு, சாணிக் குழி, சாயங்காலம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறீர்கள். ஆட்டைக் கடிக்கும் பூச்சி பக்கத்துக் கொட்டகைக் குதிரையையும் கடிக்கும் என்பதை ஏன் யோசிப்பதில்லை?

தொற்று என்ற ஒரு சொல் எங்களை என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரைக்காரன் காதில் அது விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது கிளாண்டர்ஸ் என்ற கொடிய குதிரைத் தொற்றுநோய். அது உறுதியானால் 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி குதிரையைக் கொன்று புதைக்க வேண்டும். சீட்டு எழுதிய செய்தி ஊருக்குள் பரவியதும், பக்கத்து வீட்டார் தங்கள் மாடுகளை வேறு பக்கம் மாற்றிக் கட்டினார்கள். கல்யாண ஊர்வலத்துக்குப் பேசி வைத்திருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோயில் திருவிழாவுக்கும் கூப்பிடவில்லை. தனியாகக் கட்டச் சொன்னதால், கூட்டத்தோடு இருந்து பழகிய அந்த உயிர் ராத்திரியெல்லாம் கனைத்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அதைவிடக் கொடுமை, கட்டச் சொன்ன இடம் குளத்து ஓரம். பூச்சி பெருகுகிற இடத்திலேயே கொண்டுபோய்க் கட்டினால் அரிப்பு எப்படி அடங்கும்?

இப்போது குளத்து ஓரத்தை விட்டுக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டேன். பொழுது சாயும் முன்பே உள்ளே கட்டி, ஒரு பெரிய மின்விசிறியைப் போட்டுவிடுகிறேன். இந்தப் பூச்சிக்குப் பறக்கும் வலு குறைவு, விசிறிக் காற்றை எதிர்த்து வர முடியாது. சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இது நுழைந்துவிடும் என்பதால் அதைவிட நெருக்கமான வலை கட்டியிருக்கிறேன். சாணிக் குவியலைத் தூரமாகத் தள்ளிவிட்டேன். மாட்டுக் கொட்டகையில் போடுவதுபோல வேப்பிலை மூட்டம் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் அடைத்த இடத்தில் புகை குதிரையின் மூச்சுக்கு ஆகாது. இதே மழைக்காலத்திலேயே தேய்ப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. மருந்து எதையும் புதிதாகக் கொடுக்கவில்லை. சொறியாக இருந்தால் விசிறிக் காற்றுக்கு அது அடங்காது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. தோல் நோய் என்று குதிரை வந்தால், பிளேடும் கண்ணாடித் தகடும் எடுத்துத் தோலைச் சுரண்டிப் பாருங்கள். ஒருமுறை பூச்சி கிடைக்கவில்லை என்பதற்காகச் சொறி இல்லவே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். சார்கோப்டிக் வகை ஆழத்தில் துளைத்துப் போய் ஒளிந்துகொள்ளும், மனிதருக்கும் ஒட்டும். அந்தச் சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் எடுங்கள். படர்தாமரை என்று தோன்றினால் முடியைப் பிடுங்கிக் காளான் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கூடவே எந்த மாதம் ஆரம்பித்தது, போன வருஷமும் வந்ததா, பக்கத்துக் குதிரைக்கு இருக்கிறதா என்று எங்களையும் கேளுங்கள். குதிரையோடு ராப்பகல் இருப்பவர்கள் நாங்கள்.

முடிவு தெரியும்வரை சீட்டில் 'சந்தேகம்' என்று எழுதுங்கள். சோதனை இல்லாமல் 'தொற்றும்' என்று எழுதாதீர்கள்.

என் குதிரையைப் பார்த்த மருத்துவருக்கு: திரும்ப வந்து, தோலைச் சுரண்டிப் பார்த்து, சொறி இல்லை என்றால் அதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள் ஐயா. தை பிறந்தால் கல்யாண சீசன். அதற்குள் அந்தச் சீட்டு எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்துக் குதிரைக்காரன்