தோரா கற்றல் வட்டம்: யூத நாட்காட்டியின் 5785ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய ரப்பி (யூத மத ஆசிரியர்) அவர்களுக்கும் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் ஷாலோம். ஜெருசலேமில் நமது ஜெப ஆலயத்தைச் சார்ந்து, யூத மறைநூலாகிய தோராவைக் கற்க நடைபெறும் இவ்வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

வேலை, பிள்ளைகள், சமையல் என்று ஓடும் வீட்டில் தோராவுக்கு எப்போது நேரம் ஒதுக்குவது? சென்ற பொதுக்குழுவில் நெடுநேரம் பேசப்பட்டது இதுதான். வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழுகையிலும் இவ்வார்த்தைகளைப் பேசு என்கிற உபாகமம் 6ஆம் அதிகாரத்தை நாள்தோறும் ஷெமா என்னும் மன்றாட்டில் ஓதுகிறோம். நேரம் கிடைக்கும்போது படிப்பேன் என்று சொல்லாதே, கிடைக்காமலே போகலாம் என்று பண்டைய அறிஞர் ஹில்லேல் எச்சரித்திருக்கிறார். எனவே செயற்குழு ஒரே ஒரு ஏற்பாட்டைச் செய்தது: நாளுக்கு இரண்டு மிஷ்னா (வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் இரண்டு சிறு பத்திகள்), அவரவர் குறித்துக்கொண்ட வேளையில்.

நம்மில் சிலர் மிஷ்னாவை விரிவாக விவாதிக்கும் தால்முத் நூலில் தினம் ஒரு ஏடு படிக்கும் தஃப் யோமி முறையைப் பின்பற்றுகிறார்கள். 1923இல் வியன்னா மாநாட்டில் ரப்பி மெய்ர் ஷபீரோ முன்மொழிந்த முறை அது. 2,711 ஏடுகளை முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். 2020 ஜனவரியில் தொடங்கிய இப்போதைய சுற்று 2027 ஜூனில் நிறைவடையும். அவர்களது உறுதியை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டு மிஷ்னாவே பொருத்தம் என்பது என் திடமான கருத்து.

தனியாகப் படித்தவர்களைவிட இருவராகச் சேர்ந்து படித்தவர்களே ஆண்டு முழுவதும் நிலைத்தார்கள். தால்முத் சொல்வதுபோல, படிப்புத் தோழர் ரேஷ் லாக்கிஷ் இறந்தபின் துயரத்தில் இருந்த ரப்பி யோஹனானுக்கு எலாசார் பென் பெதாத் என்னும் அறிஞரைத் துணையாக அனுப்பினார்கள். அவரோ யோஹனான் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதரவான சான்றையே எடுத்துக்கொடுத்தார். யோஹனான் தேறவில்லை. தம் ஒவ்வொரு கூற்றுக்கும் இருபத்துநான்கு மறுப்புகளை எழுப்பிய பழைய தோழரைக் கேட்டு அழுதார். நமது படிப்பு ஜோடிகளும் உரக்கவே வாதாடுகிறார்கள். அதைக் குறையாகச் சொன்ன அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

குளிர்காலத்தில் மிஷ்னாவின் பாவா மெட்சியா என்னும் பகுதியில் 9ஆம் அதிகாரம் படித்தோம். வேலையாளின் கூலியை எந்த வேளைக்குள் கொடுக்க வேண்டும் என்று மிஷ்னா வரையறுக்கிறது. படித்த வாரத்திலேயே செவிலியராகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவர், பெசாக் (பாஸ்கா) பண்டிகைத் துப்புரவுக்கு வருவோருக்கு அன்றன்றே கூலி தரவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறி, அவ்வாறே நடந்தது. இவ்வாண்டின் பணிகளில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது இதுவே.

தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகை இரவில் விடியும்வரை படித்துவிட்டு, பண்டைய ஆலய வளாகத்தின் மேற்குச் சுவருக்கு நடந்து சென்றோம். பெசாக்குக்குப்பின் ஓய்வுநாள் பிற்பகல்களில் அறிஞர்களின் அறவுரைத் தொகுப்பான பிர்கே ஆவோத் வாசிப்பு வழக்கம்போல் நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தோராவின் ஆண்டு வாசிப்பு நிறைவுபெறும் சிம்ஹாத் தோரா திருநாளன்று ஆதியாகமத்திலிருந்து வாசிப்பு மீண்டும் தொடங்குகிறது. படிப்புத் துணை தேவைப்படுவோர் அதற்குள், தமக்கு ஏற்ற நேரத்தையும் குறிப்பிட்டு, என்னிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்