எம்டன் மிதந்தது, மூழ்கியது, மறுபடியும் மிதந்தது: எல்லோருக்கும் நன்றி

நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

இரண்டு வருடமாக "கப்பல் என்னாச்சு?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் செய்த எம்டன் என்ற மாதிரிப் போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது. போன சனிக்கிழமை டாலஸுக்கு வெளியே ஒரு குளத்தில் முதல் சண்டை, நடுவில் ஒரு முறை மூழ்கிப்போய் வெளியே எடுத்தோம், அதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்குக் கூட நின்ற அமெரிக்க நண்பர்களுக்கு அங்கேயே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கப்பலுக்குக் கை கொடுத்தவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். அவர்களுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1970களின் கடைசியில் இதே டெக்சாஸில் ஆரம்பித்த விளையாட்டு இது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இருந்த நிஜப் போர்க்கப்பல்களை 144-இல் ஒரு பங்கு அளவில் செய்து, ரிமோட்டில் ஓட்டி, ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிப்பது. நிஜமாகவே மூழ்கடிப்பது. கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தில் 4.5 மி.மீ. இரும்புக் குண்டு பாயும், கிட்டத்தட்ட சைக்கிள் பால்ஸ் அளவு. கப்பலின் பக்கவாட்டில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, விலா எலும்பு போல ஃபைபர் கிளாஸ் சட்டத்தை மட்டும் விட்டு, மேலே ஒரு மி.மீ. கூட இல்லாத பால்சா மரத்தகடு ஒட்டுவோம். குண்டு அதைத் துளைக்கும், தண்ணீர் உள்ளே வரும், பம்ப் அதை வெளியே தள்ளும், பம்ப் தோற்றால் கப்பல் அடியில். கரையில் நிற்கும் எல்லோரும், சும்மா வேடிக்கை பார்க்க வந்த குழந்தை உட்பட, பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

இதில் பெரும்பாலும் பெரிய கப்பலாகத்தான் எடுப்பார்கள். யமாட்டோ என்றால் 1.83 மீட்டர், பிஸ்மார்க் 1.74 மீட்டர். எவ்வளவு பேட்டரியும் குண்டும் வேண்டுமானாலும் அடைக்கலாம். நான் எடுத்தது எம்டன். நீளம் 82 செ.மீ., அகலம் 9.4 செ.மீ., அதாவது என் உள்ளங்கை அகலம்.

ஏன் எம்டன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைக் கடலில் வந்து நின்று, துறைமுகத்துப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போன ஜெர்மன் கப்பல். நான் சின்ன வயதில் எதையாவது செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் நழுவினால் அப்பா "சரியான எம்டன்டா நீ" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்று ஒன்பதாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது, அதையும் அப்பாதான் சொன்னார். அப்பா, முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்த நன்றி எங்கள் குழுவின் பெரியவருக்கு. எழுபதைத் தாண்டியவர். நான் எம்டன் என்றதும், "வேண்டாம், முதல் கப்பலாக அதை எடுக்காதே" என்றார். காரணமும் சொன்னார். நிஜ எம்டனின் எடை முழுப் பாரத்துடன் ஏறக்குறைய 4,270 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 144 மடங்கு சுருங்கும்போது எடை கிட்டத்தட்ட 30 லட்சம் மடங்கு சுருங்கும். கிடைப்பது வெறும் 1,430 கிராம். அதற்குள் உடல், இரண்டு மோட்டார், பேட்டரி, ரிசீவர், பம்ப், துப்பாக்கி, வாயுக் குப்பி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கப்பல் தண்ணீரில் அமுங்கி நிற்கும், சுடுவதற்கு முன்பே பாதி மூழ்கிய மாதிரி. இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் பிடிவாதமாக நின்றதும், "சரி, சனிக்கிழமை காலை வா" என்று தன் கராஜைத் திறந்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருடைய சனிக்கிழமைகள் என்னுடையவை. முதலில் வார்த்த உடல் ஜன்னல் வெட்டும்போது முன்பக்க வளைவில் விரிசல் விட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அச்சுக்கு மறுபடி மெழுகு பூச ஆரம்பித்தார்.

என் மனைவிக்கு. கேக்குக்கு மாவு நிறுக்க அவள் வைத்திருந்த தராசு ஒன்றரை வருடம் கராஜிலேயே இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒவ்வொரு சாமானின் எடையும் எழுதியிருக்கும். முதல் கூட்டலில் 1,710 கிராம் வந்தது. 280 கிராம் குறைக்க வேண்டும். பேட்டரியை மாற்றினோம், பெரிய கப்பல்களில் வைக்கும் வாயு உருளையை விட்டுவிட்டுச் சின்னக் குப்பிக்கு வந்தோம், அப்படியும் 90 கிராம் மிச்சம். ஒரு ராத்திரி அவள்தான் பட்டியலைப் பார்த்து, "இந்த ஸ்க்ரூ எல்லாம் எதற்கு இவ்வளவு நீளம்?" என்று கேட்டாள். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி, மேல்தளத்து மரச்சட்டங்களில் துளைபோட்டுக் குடைந்து, கடைசியில் 1,424 என்று தராசு காட்டியபோது மணி இரண்டு. பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கப் போனாள்.

தூத்துக்குடி அண்ணனுக்கு. முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர், மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்தார், அந்த ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். குளியல் தொட்டியில் முதல் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றியதும் எம்டன் மெதுவாகச் சாய்ந்து புரண்டது. அண்ணன் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "தம்பி, உள்ளே வந்த தண்ணியோட கனம் கவிழ்க்கல. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது பாருங்க, அதுதான் கவிழ்க்குது." அடித்தளத்தை இரண்டு பக்கமும் லேசான பால்சாக் கட்டையால் நிரப்பி எபாக்ஸி பசை பூசி, நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் மட்டும் விட்டோம். இப்போது எங்கே ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அந்த வாய்க்காலில் இறங்கி நேராகப் பம்புக்குப் போகிறது. எங்கள் குழுவில் பல வருடம் ஓட்டுபவர்கள்கூட எம்டனைத் திருப்பிப் பார்த்து அந்த வாய்க்காலைத் தொட்டுப் பார்த்தார்கள். அண்ணே, அது உங்கள் வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சென்னையில் இருக்கும் என் கல்லூரித் தோழனுக்கு. உயர் நீதிமன்ற மதில்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் இருக்கும் நினைவுக் கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெயிலில் போய் எடுத்து, எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று மறுநாளும் போய் எடுத்து அனுப்பினான். அந்தப் படம் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது.

என் மகளுக்கு. எம்டனுக்கு நிஜத்தில் மூன்று புகைக்கூண்டுதான். ஆனால் தூரத்தில் பார்க்கிறவர்கள் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைக்கட்டும் என்று கேப்டன் ஃபான் முல்லர் நான்காவதாக ஒரு பொய்க் கூண்டு கட்டி வைத்தார். 1914 அக்டோபர் 28 அதிகாலை பினாங்கு துறைமுகத்துக்குள் அப்படித்தான் நுழைந்தார். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு நான்காவது கூண்டு வந்தே ஆக வேண்டும். நான் எடை, எடை என்று மறுத்துக்கொண்டே இருந்தேன். அவள் பட்டம் விடும் தாளைச் சுருட்டி, சாம்பல் நிறம் அடித்து, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து, தராசில் வைத்துக் காட்டினாள். ஒரு கிராம்கூட இல்லை.

இனி சனிக்கிழமை. எதிரணியின் சரக்குக் கப்பல்கள் குளத்தைக் கடந்து போக வேண்டும், நாங்கள் தடுக்க வேண்டும். எம்டனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? ஒற்றைத் துப்பாக்கிதான், ஆனால் நன்றாகத் திரும்புகிறது. ஒரு சரக்குக் கப்பலின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போய் நான்கு குண்டு போட்டேன். பிறகு கரையில் எண்ணினோம். நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு, தலா 10 புள்ளி. நீர்மட்டத்தில் ஒன்று, 25. அடியில் ஒன்று, 50. மொத்தம் 95. அதற்குள் ஒரு பெரிய கப்பல் என் பக்கவாட்டில் வந்துவிட்டது. டப் டப் டப் என்று அந்தச் சத்தம் கரைவரை கேட்டது. பம்ப் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. உடைந்த பால்சாத் துணுக்கு ஒன்று உள்ளே போய் அடைத்துவிட்டது, பம்பின் வாயில் நான் ஒட்டியிருந்த வலை பெயர்ந்திருக்கிறது. பின்பக்கம் முதலில் இறங்கியது, கடைசியாக மூக்கு. இரண்டு வருட உழைப்பு போன இடத்தில் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் கப்பலில் கட்டியிருந்த கயிற்றோடு ஆரஞ்சு மிதவை மேலே வந்தது, நெஞ்சுவரை ரப்பர் உடுப்புப் போட்ட இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் என்னை மூழ்கடித்தவரேதான். கயிற்றை இழுக்காமல், காலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். ஒருவர் ரிசீவர் டப்பாவைத் திறந்து துடைக்கிறார், ஒருவர் பம்பைப் பிரித்து ஒட்டிய மரத்தூளை ஊசியால் எடுக்கிறார், பெரியவர் ஓட்டைகளைச் சுற்றித் துணியால் ஒற்றி, மெல்லிய தாள்துண்டுகளைப் பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டுகிறார். பதினேழு ஓட்டை. மகள் பென்சிலால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் போட்டாள். மூன்றரை மணிக்கு எம்டன் மறுபடி தண்ணீரில், அதன் பிறகு மூழ்கவில்லை.

அப்பா, சித்திரையில் ஊருக்கு வருகிறோம். கப்பலை விமானத்தில் கொண்டுவர முடியாது. நான்காவது புகைக்கூண்டை மட்டும் எடுத்து வரலாம் என்று மகள் சொல்கிறாள். அதில் ஒரு குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கக் கூடாதாம். தாத்தா பார்க்க வேண்டுமாம்.