அல்சூர் உறவுகளுக்கு நன்றி

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவன்று பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் படம் போட்டு, என்னோடு உட்கார்ந்து பார்த்த எல்லோருக்கும் இந்த மடல். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

படத்தைத் தேர்ந்தெடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. 2014-இல் வந்த 'வைல்ட்'. செரில் ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் சொந்தக் கதை. புற்றுநோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்த மகள். அந்த அம்மாவுக்கு 45 வயதுதான். வாழ்க்கையே நிலைகுலைந்துபோன மகள், 1995-இல் தன்னந்தனியாக மலைத்தடத்தில் இறங்கிவிடுகிறாள். மொஹாவி பாலைவனத்திலிருந்து கொலம்பியா ஆற்றுப் பாலம் வரை சுமார் 1,770 கிலோமீட்டர் நடை. "திதி அன்னைக்கு இங்கிலீஷ் படமா?" என்று முதலில் முகம் சுளித்தவர் சித்தப்பா. அப்புறம் ப்ரொஜெக்டருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவரும் அவர்தான். நன்றி சித்தப்பா.

அவள் தனியாகத்தான் நடக்கிறாள். ஆனாலும் வழிநெடுக யாராவது கை கொடுக்கிறார்கள். பசியோடு நிற்பவளை ஒரு விவசாயி வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுகிறார். முதுகை ஒடிக்கும் மூட்டையைப் பிரித்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு பெரியவர் பொறுமையாகப் பார்த்துக் கொடுக்கிறார். அந்தக் காட்சியில் கீழ்வீட்டு மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் பீரோவை நான் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி வந்து பாயை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு புடவையாக எடுத்து, "இது யாருக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். முந்தானை நைந்த நீலச் சுங்குடி வந்ததும் கேட்கவில்லை. மடித்து என் மடியில் வைத்தார். அன்று ராத்திரிதான் நான் முழுசாகத் தூங்கினேன். மாமி, இதற்கு என்ன கைம்மாறு செய்வேன்?

கல்பள்ளி மயானத்தில் முன்னின்று எல்லாம் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும், கன்னடத்தில் பேசிச் சான்றிதழ் வேலையை முடித்துக் கொடுத்த பக்கத்துத் தெரு அண்ணனுக்கும் நன்றி.

விடிகாலையில் கதவைத் தட்டி ஏரிக்கரைக்கு என்னை நடக்கக் கூட்டிப்போன தோழிகளே, உங்களுக்கு என்ன சொல்ல? 2009-இல் அந்த ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைத் திறந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றார். அதனால் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கால் வராது. பாதியில் திரும்பிய நாட்களில்கூட நீங்கள் ஏன் என்று கேட்டதில்லை. கூடவே திரும்பி வந்தீர்கள். இப்போது சிலை வரை போய் வருகிறோம்.

படத்தில் அம்மாவாக வரும் லாரா டெர்ன் முகத்தை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். அக்கா, அந்த பென்டிரைவ் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். புளியோதரை கொடுத்தனுப்பிய அத்தை, உங்கள் தூக்குவாளியை இந்த வாரம் கொண்டுவந்து தருகிறேன். அப்புறம், சிக்கபள்ளாபுரம் பக்கம் ஸ்கந்தகிரி ஏறப் போவதாகப் பேசிக்கொண்டிருந்தீர்களே, என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் மாடி வீட்டு மகள்