ஆயாவின் மாத்திரைக் கணக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

ஆயாவுக்குப் படபடப்பு நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு அந்த மாத்திரை என்று போனில் கேட்டாய். அந்த அபிக்ஸபான் ரத்தம் உறையாமல் காக்கிற மாத்திரை, படபடப்புக்குத் தருவதில்லை. ஆயாவுக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதில் இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கும். இடது மேலறையை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கிறது. ரத்தம் அதில் தேங்கி உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நடுக்கம் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். நாடி சீராக இருக்கிற நாளிலும் மாத்திரை வேண்டும்.

இதற்குப் பதில் ஆஸ்பிரின் போதாதா என்றால், அது மலிவுதான். ஆனால் தேங்கி உறைகிற கட்டியிடம் அதன் ஜம்பம் பலிக்காது. 2011-ல் வந்த அவெரோஸ் ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். அபிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வயதானவர்களுக்குப் பாதி டோஸ் போதும் என்று யார் சொன்னது? வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. ஆயாவுக்கு 78, 54 கிலோ, 1.0. ஒன்றுதான் பொருந்துகிறது, அதனால் 5 மி.கி., காலை எட்டு, இரவு எட்டு. இரண்டு வருடம் போனால் கணக்கு மாறும், அப்போது டாக்டரே குறைப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்த்துவிடுகிறோம்.

வீடியோவில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதே, போட்டேன் என்றுதான் சொல்லும். ஸ்ட்ரிப்பைக் காட்டச் சொல். பத்து மாத்திரை, ஐந்து நாள். திங்கள் காலை பிரித்தது வெள்ளி ராத்திரி காலியாக வேண்டும். சனிக்கிழமை ஒன்று மிஞ்சியிருந்தால் ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது. மறந்தது ஆறு மணி நேரத்துக்குள் தெரிந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அடுத்த வேளைதான். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

எதிர்வீட்டு அம்மாவுக்கு இதய வால்வு சுருக்கம், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ராம் என்ற வேறு மாத்திரை சாப்பிடுகிறார். கீரை அளவு மாறாமல் பார்த்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை எடுப்பது அவருக்கு. அதைக் கேட்டு ஆயா முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டது! இந்த மாத்திரைக்கு அப்படி நிறுத்தத் தேவையே இல்லை. நிறுத்த வேண்டியது முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கை. இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பல் தேய்க்கும்போது லேசாகக் கசிந்தது என்று தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வீடியோவில் பேசும்போது ஆயாவுக்கு வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே எனக்குப் போன் அடி. 108 அங்கிருந்து கிடைக்காது, நான் கூப்பிடுகிறேன். தெரு முனை கிளினிக்கில் நிற்காமல் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசி மாத்திரை எப்போது என்பதை அங்கே முதலில் சொல்ல வேண்டும். ஊசி போடலாமா, குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதா என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதற்காகவே தினசரி காலண்டர் தாளில் ஆயாவை மணி எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்றைய தாளில் இரவு மணி இல்லை. இன்று பேசும்போது அதைக் கேள்.

அம்மா